பழைய ஓவர்கிளாக் கணினிக்கு ஏற்ற வேகமான ரேமைத் தேர்ந்தெடுக்கும் முறை

புதுச்சேரியிலும் கடலூரிலும் 2009 முதல் 2014 வரையிலான ஆண்டுகளில் அசெம்பிள் செய்யப்பட்டு, அப்போதே பயாஸ் எனப்படும் அமைப்புப் பக்கத்தில் வேகம் கூட்டப்பட்ட (ஓவர்கிளாக் செய்யப்பட்ட) மேசைக்கணினிகளைத் திருமண வீடியோ எடிட்டிங் செய்யும் ஸ்டுடியோக்களிலும் டிடிபி கடைகளிலும் கல்லூரி மாணவர்களின் அறைகளிலும் இன்றும் காணலாம். இன்டெல் ஐ7-920, ஐ5-2500கே, ஐ7-2600கே, ஐ7-3770கே, ஏஎம்டி எஃப்எக்ஸ்-8350 போன்ற பிராசஸர்கள் பூட்டிய இந்தக் கணினிகளில் பிராசஸரின் வலு இன்னும் தீர்ந்துவிடவில்லை. 4 ஜிபி, 8 ஜிபி என்று அந்நாளில் போட்ட ரேம்தான் இன்றைய பிரவுசருக்கும் எடிட்டிங் மென்பொருளுக்கும் போதாமல் திணறுகிறது. ரேமைக் கூட்ட முடிவு செய்பவர், வாங்குவதோடு வாங்குவதாக வேகமான ரேமையே வாங்கிவிடலாம் என்று நினைப்பதும் இயல்புதான்.

ஆனால் ரேமின் மேல் ஒட்டியுள்ள 2400 என்ற எண், அந்த ரேம் எவ்வளவு வேகத்தைத் தாங்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. உங்கள் கணினி உண்மையில் எவ்வளவு வேகத்தைத் தரும் என்பதை, பிராசஸருக்குள் இருந்து ரேமை இயக்கும் மெமரி கன்ட்ரோலரும், மதர்போர்டின் சிப்செட்டும், மற்ற வேகங்களுக்கு அடிப்படையாக நீங்கள் வைத்திருக்கும் பேஸ் கிளாக்கும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. ஓவர்கிளாக் செய்யாத கணினியில் இந்த வேறுபாடு பெரிதாகத் தொந்தரவு தராது; ஓவர்கிளாக் செய்த கணினியில் அதுவே எல்லாம். ஆகவே தேடலைக் கடையில் தொடங்காமல், உங்கள் மேசையில் இருக்கும் கணினியிலேயே தொடங்க வேண்டும்.

கணினியில் இருப்பதைக் குறித்துக்கொள்ளுதல்

விண்டோஸில் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால், மதர்போர்டின் பெயரும் சிப்செட்டும் ஒரு பக்கத்திலும், ரேம் இப்போது ஓடும் வேகமும் டைமிங் எனப்படும் தாமத எண்களும் இன்னொரு பக்கத்திலும், ஒவ்வொரு ஸ்டிக்கின் எஸ்பிடி சிப்பில் எழுதப்பட்டுள்ள விவரங்கள் மற்றொரு பக்கத்திலும் கிடைக்கும். மெமரி பக்கத்தில் 800 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டினால் ரேம் பாதி வேகத்தில் ஓடுகிறது என்று பொருளல்ல. டிடிஆர் வகை நினைவகம் ஒரு கிளாக் துடிப்பில் இரு முறை தரவை அனுப்புவதால், 800 என்று காட்டுவதைத்தான் கடையில் 1600 என்று விற்கிறார்கள்.

அடுத்து, பயாஸுக்குள் சென்று பேஸ் கிளாக், அதைப் பெருக்கிப் பிராசஸர் வேகத்தைத் தரும் மல்டிபிளையர், ரேம் விகிதம், எல்லா வோல்டேஜ்கள் ஆகியவை தெரியும் பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதிய ரேமைப் போட்ட பிறகு கணினி எழுந்திருக்காமல், பயாஸ் அமைப்புகளைச் சேமிக்கும் சிமாஸை அழிக்க நேர்ந்தால், பல ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒரு நண்பர் பொறுமையாக அமைத்துக் கொடுத்த ஓவர்கிளாக் எண்கள் அனைத்தும் அதோடு போய்விடும். அந்த நண்பர் இப்போது பெங்களூரில் இருக்கலாம்.

ரேமின் தலைமுறையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 பின்கள் என்றாலும் நடுவிலுள்ள வெட்டின் இடம் வேறு. டிடிஆர்4-க்கு 288 பின்கள். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று இறங்காது. இறங்காததை அழுத்தி இறக்க முயன்றால் உடைவது போர்டுதான்.

பேஸ் கிளாக் செய்யும் வேலை

பழைய கணினிகளில் ரேமின் வேகம் தனியே நிற்கும் எண் அல்ல. பேஸ் கிளாக்கை ஒரு விகிதத்தால் பெருக்கி வருவது. பிராசஸரின் வேகத்தைக் கூட்ட பேஸ் கிளாக்கை உயர்த்தியவர், தெரிந்தோ தெரியாமலோ ரேமின் வேகத்தையும் உயர்த்தியிருக்கிறார். எந்தத் தலைமுறைப் பிராசஸர் என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறுவதால், உங்களுக்கு உரிய பத்தியை மட்டும் நிதானமாகப் படித்தால் போதும்.

கோர் 2 டுயோ, கோர் 2 குவாட் காலத்தில் மெமரி கன்ட்ரோலர் பிராசஸரில் இல்லை. போர்டின் நார்த்பிரிட்ஜ் சிப்பில் இருந்தது. கியூ6600 பிராசஸரின் இயல்பு வேகம் 266 மெகாஹெர்ட்ஸை 9-ஆல் பெருக்கிய 2.4 கிகாஹெர்ட்ஸ். அதை 400 மெகாஹெர்ட்ஸில் 8 மடங்காக வைத்து 3.2 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றியிருந்தால், ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ரேம் டிடிஆர்2-800 வேகத்தில் ஓடும். பி35, பி45 போன்ற இன்டெல் சிப்செட்டுகளில் ரேமை இந்த விகிதத்துக்குக் கீழே இறக்க முடியாது என்பதால், 450 மெகாஹெர்ட்ஸ் வைத்திருப்பவர் குறைந்தது 900-ஐத் தாங்கும் ரேமை, அதாவது கடையில் 1066 என்று விற்பதை வாங்கியே ஆக வேண்டும். என் கருத்தில் இந்தத் தலைமுறைக்குப் புதிதாகப் பணம் போடுவது வீண். 4 ஜிபி கொள்ளளவுள்ள நல்ல டிடிஆர்2 ஸ்டிக்குகளைத் தேடி அலையும் செலவில் அடுத்த தலைமுறைப் போர்டையே வாங்கிவிடலாம். வீட்டில் கிடக்கும் ஒன்றை எடுத்துப் போடுவதானால் போட்டுப் பாருங்கள்.

ஐ7-920 போன்ற பிராசஸர் உள்ள எக்ஸ்58 சிப்செட் கணினிகளில்தான் கணக்கு சுவையாக இருக்கும். பேஸ் கிளாக்கின் இயல்பு 133 மெகாஹெர்ட்ஸ். ரேம் விகிதங்கள் 6, 8, 10, 12 என்று இரட்டை எண்களில் போகும். 133-ஐ 8-ஆல் பெருக்கினால் 1066, 10-ஆல் பெருக்கினால் 1333. பேஸ் கிளாக்கை 180-க்கு உயர்த்தி, 20 மல்டிபிளையரில் 3.6 கிகாஹெர்ட்ஸ் பெற்றிருக்கிறீர்கள் என்று வையுங்கள்: அப்போது 8 என்ற விகிதத்தில் ரேம் 1440-லும், 10 என்ற விகிதத்தில் 1800-லும் ஓடும், நடுவே வேறொன்றும் கிடையாது. 1600 என்று எழுதிய ரேமை வாங்கினால் அதை 1440-ல் நிம்மதியாக ஓட்டலாம், 1800-க்கு அதை நம்ப முடியாது. 1800 வேண்டுமென்றால் 1866 ரேம் வாங்க வேண்டும். பேஸ் கிளாக் 200 என்றால் 8 விகிதத்தில் சரியாக 1600 வந்து விழும். 1600 ரேமை முழுமையாகப் பயன்படுத்த இதைவிட வசதியான அமைப்பு வேறில்லை. இந்தத் தலைமுறையில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: பிராசஸருக்குள் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் அன்கோர் எனப்படும் பகுதியின் வேகம் ரேம் வேகத்தைப் போல் இரு மடங்காவது இருக்க வேண்டும். ரேம் 1600 என்றால் அன்கோர் 3200 மெகாஹெர்ட்ஸ். ரேம் 2000 என்றால் அன்கோர் 4000. அந்த 4000-ஐ எட்ட அந்தப் பகுதிக்குச் செல்லும் கியூபிஐ வோல்டேஜை வெகுவாக ஏற்ற வேண்டியிருக்கும் என்பதால், எக்ஸ்58 வைத்திருப்பவர் 2000-க்கு மேற்பட்ட ரேமுக்கு ஆசைப்படாமல் 1600 சிஎல்9 ரேமை (சிஎல் என்பது தாமத எண்) மூன்று ஸ்டிக் தொகுப்பாக வாங்குவதே சரியானது. மூன்று என்று சொல்வதற்குக் காரணம், இந்தப் போர்டுகளில் ரேமுக்கான தரவுப் பாதைகள், அதாவது மெமரி சேனல்கள், மூன்று.

2011-இல் வந்த சாண்டி பிரிட்ஜ் பிராசஸர்களில், அதாவது ஐ5-2500கே, ஐ7-2600கே ஆகியவற்றில், பேஸ் கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ். கிராஃபிக்ஸ் கார்டுக்கான பிசிஐ எக்ஸ்பிரஸ், வட்டுக்கான சாட்டா ஆகிய இணைப்புகளும் அதையே நம்பியிருப்பதால் அதைச் சில மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அசைக்க முடியாது. ஓவர்கிளாக் மல்டிபிளையரால் மட்டுமே நடக்கிறது. ஆகவே பிராசஸர் 4.5 கிகாஹெர்ட்ஸில் ஓடினாலும் ரேமின் கணக்கு குலையாது. ரேம் வேகங்கள் 1066, 1333, 1600, 1866, 2133 என்ற படிகளில் மட்டும் கிடைக்கும். 2133-க்கு மேல் படி இல்லை என்பதால், 2600கே வைத்திருப்பவர் 2400 ரேம் வாங்குவதில் பயனில்லை. 2012-இல் வந்த ஐவி பிரிட்ஜில் (ஐ7-3770கே) இடையிடையே 200-இன் மடங்குகளும் சேர்ந்து 2400-க்கும் அதற்கு மேலும் வழி திறந்தது. 2013-இன் ஹாஸ்வெல்லும் அப்படியே. இன்டெல் அதிகாரப்பூர்வமாக ஒப்புக்கொண்ட வேகம் சாண்டி பிரிட்ஜுக்கு 1333, மற்ற இரண்டுக்கும் 1600 மட்டும்தான். அதற்கு மேல் உள்ளதெல்லாம் ரேமின் ஓவர்கிளாக் என்றே கொள்ள வேண்டும்.

இங்கே சிப்செட் குறுக்கே நிற்கும். பி67, இசட்68, இசட்77 போர்டுகள் ரேம் வேகத்தை உயர்த்த விடும். நம் பகுதியில் விலை குறைவு என்பதற்காக அதிகம் விற்ற ஹெச்61 போர்டுகளோ சாண்டி பிரிட்ஜோடு 1333, ஐவி பிரிட்ஜோடு 1600 என்ற எல்லையில் நின்றுவிடும். அத்தகைய போர்டில் 2133 ரேமைப் போட்டாலும் அது அந்த எல்லையிலேயே ஓடும். கெட்டுப்போகாது, பணம்தான் போகும்.

ஏஎம்டி எஃப்எக்ஸ்-8350-இல் பேஸ் கிளாக்கின் இடத்தில் உள்ள ரெஃபரன்ஸ் கிளாக் 200 மெகாஹெர்ட்ஸ். அதை 220-க்கு ஏற்றினால் 1600 என்று வைத்த ரேம் 1760-லும், 1866 என்று வைத்தது சுமார் 2050-லும் ஓடும். எஃப்எக்ஸ் பிராசஸர்களில் மல்டிபிளையர் திறந்தே இருப்பதால் ரெஃபரன்ஸ் கிளாக்கைத் தொடாமல் விட்டு, ஏஎம்டி ஏற்கும் 1866 ரேமை வாங்குவது நல்லது. கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் ஏ10-7850கே போன்ற ஏபியுவை (கிராஃபிக்ஸ் பகுதியும் உள்ளே சேர்ந்த பிராசஸரை) மட்டும் நம்பி விளையாடுபவர் நிலை வேறு: அவருடைய கிராஃபிக்ஸ் பகுதி இந்த ரேமையே தன் நினைவகமாகப் பயன்படுத்துவதால், 1333-லிருந்து 2133-க்குச் செல்வது கண்ணுக்குத் தெரியும் பலனைத் தரும். வேக ரேமுக்குச் செலவு செய்ய முழு நியாயம் உள்ளவர் அவர்தான்.

வோல்டேஜில் விட்டுக்கொடுக்காதீர்கள்

வேகத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் பணம் மட்டும் நட்டம்; வோல்டேஜைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் பிராசஸரே நட்டமாகலாம். மெமரி கன்ட்ரோலர் பிராசஸருக்குள் வந்துவிட்ட தலைமுறைகளில், ரேமுக்குக் கொடுக்கும் அழுத்தம் பிராசஸரையும் தொடுகிறது. டிடிஆர்3-இன் தர வோல்டேஜ் 1.5. டிடிஆர்3எல் எனப்படும் வகைக்கு 1.35. வேக ரேம்களில் பல 1.65 வோல்ட்டில்தான் தாம் சொல்லும் வேகத்தை எட்டுகின்றன. எக்ஸ்58 காலத்தில் ரேம் வோல்டேஜ் 1.65-ஐத் தாண்டக் கூடாது என்று இன்டெல்லே எச்சரித்தது. அதற்கு முன் விற்ற ஆரம்பகால டிடிஆர்3 ரேம்களில் சில 1.8 வோல்ட்டும் அதற்கு மேலும் கேட்பவை என்பதால், பழைய பொருள்களில் அவை கண்ணில் பட்டால் ஒதுக்கிவிடுங்கள். சாண்டி பிரிட்ஜுக்கு இன்டெல் சொன்னது 1.5 வோல்ட், ஏறக்குறைய 5 சதவீதம் கூடலாம் அல்லது குறையலாம். கணக்குப் பார்த்தால் மேல் எல்லை 1.575. பலர் 1.65-இல் ஆண்டுக்கணக்கில் ஓட்டியிருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் ஏற்கெனவே கூடுதல் வோல்டேஜில் பத்தாண்டுக்கு மேல் உழைத்துவிட்ட பிராசஸருக்கு, இன்று மாற்று வாங்குவதும் கடினமாகிவிட்ட நிலையில், 1.5 வோல்ட்டில் 1600 அல்லது 1866 தரும் ரேமைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

டிடிஆர்3எல் ஸ்டிக்குகள் பெரும்பாலும் 1.5 வோல்ட்டிலும் ஓடும் வகையில் செய்யப்பட்டவை. ஆகவே பழைய போர்டில் அவற்றைப் போடலாம். மாறாக, 2015-இல் வந்த ஸ்கைலேக் பிராசஸரை டிடிஆர்3 ஸ்லாட் உள்ள போர்டில் வைத்திருப்பவர், 1.35 வோல்ட் ரேமைத் தவிர வேறு எதையும் போடக் கூடாது, 1.5-உம் 1.65-உம் அந்தப் பிராசஸருக்குச் சேதம் விளைவிக்கலாம் என்று இன்டெல் அப்போதே கூறியிருக்கிறது.

டைமிங்கைக் கணக்கிட்டுப் பாருங்கள்

சிஎல்9, சிஎல்11 என்ற எண்கள் கிளாக் துடிப்புகளைக் குறிப்பவை. நேரத்தைக் குறிப்பவை அல்ல. நேரம் தெரிய வேண்டுமானால், சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி ரேம் வேகத்தால் வகுத்தால் நானோ நொடியில் விடை வரும். 1333 சிஎல்9 ரேமுக்கு 13.5, 1600 சிஎல்9 ரேமுக்கு 11.25, 1600 சிஎல்11 ரேமுக்கு 13.75, 1866 சிஎல்9 ரேமுக்கு ஏறத்தாழ 9.65, 2133 சிஎல்11 ரேமுக்கு 10.3. இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. 1600 என்று எழுதி சிஎல்11 வைத்திருக்கும் மலிவு ரேம், தாமதத்தில் பழைய 1333 சிஎல்9 ரேமைவிடச் சற்றே மோசமானது. 2133 சிஎல்11 ரேமோ, 1866 சிஎல்9 ரேமைவிட அலைவரிசையில் முந்தினாலும் தாமதத்தில் பின்தங்கியிருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் 1333-லிருந்து 1866-க்குப் போகும்போது சில விளையாட்டுகளிலும் கோப்புகளைச் சுருக்கும் வேலைகளிலும் முன்னேற்றம் தெரியும்; அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கிடைப்பது குறைந்துகொண்டே போகும்.

பொருந்தாத ரேம்களை இனங்காணுதல்

விலை குறைவாகக் கிடைக்கும் 8 ஜிபி டிடிஆர்3 ரேம்களில் இரண்டு வகைகள் மேசைக்கணினிக்காரரை ஏமாற்றும். முதலாவது, சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ரேம். ஒரு பக்கத்துக்கு 9 மெமரி சிப்புகளும், நடுவில் வேறு வடிவில் ஒரு சிப்பும் இருந்தால், அல்லது லேபிளில் 12800 என்ற எண்ணுக்குப் (1600 வேகத்தின் இன்னொரு பெயர்) பின் ஆர் என்ற எழுத்து இருந்தால், அது அந்த வகை. ஸ்லாட்டில் கச்சிதமாக இறங்கும். ஆனால் சாதாரண ஐ5, ஐ7 கணினிகள் அதை வைத்துக்கொண்டு எழுந்திருக்காது. உங்களுக்கு வேண்டியது யு என்ற எழுத்துள்ள அன்பஃபர்டு வகை.

இரண்டாவது, ஏஎம்டிக்கு மட்டும் என்று விற்கப்படும் ஸ்டிக். இதில் நான்கு பிட் அகலமுள்ள சிப்புகளை வைத்திருப்பார்கள். இன்டெல்லின் மேசைக்கணினிக் கன்ட்ரோலர்கள் எட்டு, பதினாறு பிட் அகலச் சிப்புகளையே அறியும். இரு வகையிலும் சிப்புகளின் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கும் என்பதால் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. இணையத்தில் வாங்கும்போது விவரக் குறிப்பை முழுவதும் படிப்பதும், கடையில் வாங்கும்போது இன்டெல் போர்டில் ஓடவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்வதாக பில்லில் எழுதி வாங்குவதும்தான் வழி.

எல்ஜிஏ 1155 (சாண்டி பிரிட்ஜ், ஐவி பிரிட்ஜ்), எல்ஜிஏ 1150 (ஹாஸ்வெல்) சாக்கெட் போர்டுகள் ஒரு ஸ்லாட்டுக்கு 8 ஜிபிக்கு மேல் ஏற்காதவை என்பதையும், 32-பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் காணாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

எத்தனை ஸ்டிக்?

16 ஜிபி வேண்டுமானால் 8 ஜிபி ஸ்டிக் இரண்டாக, ஒரே தொகுப்பில் விற்றதாக வாங்குவதுதான் உத்தமம். பழைய 4 ஜிபி ஸ்டிக்குகளை விட மனமில்லாமல் அவற்றோடு புதியதைச் சேர்ப்பவர்கள், ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்பதால் ஒத்துப்போகும் என்று நினைக்கிறார்கள். ஆனால் ஒரே மாடல் எண்ணுக்குள்ளேயே காலப்போக்கில் சிப்பு மாறியிருக்கும். கலந்து போட்டால் எல்லாம் அவற்றுள் மெதுவானதன் வேகத்துக்கே இறங்கும். ஓவர்கிளாக் செய்த கணினியிலோ இறங்குவதோடு நில்லாமல், எப்போதாவது ஒருமுறை காரணம் தெரியாமல் உறையவும் செய்யும். நான்கு ஸ்டிக் போட்டால் கன்ட்ரோலரின் சுமை கூடும். இரண்டு ஸ்டிக்கில் 1866-இல் நின்ற கணினி நான்கில் 1600-க்கு வரவேண்டியிருக்கலாம். எக்ஸ்எம்பி என்பது ரேமைச் செய்தவர் அந்தத் தொகுப்பை மட்டும் சோதித்து எஸ்பிடி சிப்பில் எழுதி வைத்த அமைப்பு. இரண்டு தொகுப்புகளைச் சேர்த்துப் போட்டவருக்கு அந்த உறுதி செல்லாது. ஆகவே 32 ஜிபி வேண்டுமென்றால் நான்கு ஸ்டிக் உள்ள ஒரே தொகுப்பைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் வேகத்தில் ஒரு படி குறைத்துக்கொள்ளத் தயாராக இருங்கள்.

உயரத்தையும் அளந்து பாருங்கள். வெறும் ஸ்டிக்கின் உயரம் சுமார் 30 மில்லிமீட்டர். கோர்சேர் வெஞ்சன்ஸ், ஜிஸ்கில் டிரைடென்ட்எக்ஸ் போன்றவற்றின் சீப்புப் போன்ற உலோக மூடியோடு அது 50 மில்லிமீட்டரைத் தாண்டும். ஓவர்கிளாக் செய்தவர்கள் வைத்திருக்கும் பெரிய டவர் கூலரின் விசிறி முதல் ஸ்லாட்டின் மேல் கவிந்திருந்தால் இந்த ரேம் உள்ளே போகாது. அந்த மூடி டிடிஆர்3-க்கு அவ்வளவு அவசியமும் இல்லை. வெஞ்சன்ஸ் எல்பி போன்ற குள்ள வகையே போதும்.

இங்கே வாங்குவது

புதிய டிடிஆர்3 வேக ரேம் இப்போது நம் ஊர்க் கடைகளில் அரிது. சேவைக் கடைகளில் கிடைக்கும் புதியது பெரும்பாலும் 1600 சிஎல்11. ஆகவே பலரும் பழைய ரேமையே நாடுகிறார்கள். புதுச்சேரி மகாத்மா காந்தி சாலையில் ஞாயிறுதோறும் கூடும் சண்டே மார்க்கெட்டில் பழைய பொருள்களுக்கிடையே ரேம் கண்ணில் பட்டால், அதை எங்கும் போட்டுப் பார்க்க வழியில்லை என்பதை எண்ணி, இழந்தால் வருந்தாத தொகைக்கு மேல் கொடுக்க வேண்டாம். கடலூரிலும் புதுச்சேரியிலும் உள்ள சேவைக் கடைகளில் வாங்குவதன் நன்மை, அங்கேயே ஒரு போர்டில் போட்டுக் காட்டச் சொல்லலாம் என்பது. புதுச்சேரியிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தள்ளிச் சென்னை ரிச்சி தெருவில் தேர்வு அதிகம். ஆனால் ஓடவில்லை என்று திரும்பிப் போவதற்குள் பேருந்துக் கட்டணமும் ஒரு நாளும் போய்விடும்.

எங்கு வாங்கினாலும் மூடியின் அழகைப் பார்க்காமல் லேபிளில் உள்ள எண்ணைப் படியுங்கள். கோர்சேர் ரேமின் எண்ணில் 8ஜிஎக்ஸ்3எம்2 என்ற பகுதி வந்தால் மொத்தம் 8 ஜிபி, டிடிஆர்3, இரண்டு ஸ்டிக் என்று பொருள்; 1600சி9 என்று முடிந்தால் வேகமும் சிஎல் எண்ணும் அதுவே. வோல்டேஜ் லேபிளிலேயே அச்சாகியிருக்கும். லேபிள் மங்கலாக, கோணலாக, புதிதாக ஒட்டியதுபோல் இருந்தால் சந்தேகப்படுங்கள். கடையிலேயே சிபியு-இசட்டின் எஸ்பிடி பக்கத்தைத் திறக்கச் சொல்லி, அங்கு காட்டும் எண்ணும் லேபிளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள்.

கடற்கரை ஊர்களில் பழைய ரேமின் தங்கப் பூச்சு முனைகளை நன்றாகப் பார்ப்பது தவிர்க்கக் கூடாத வேலை. தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ கடலை நோக்கிய அறையில் கிடந்த கணினியின் ரேமில், உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து முனைகளைக் கறுக்க வைத்திருக்கும். மேலோட்டமான கறையைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடும். பச்சை படிந்து பூச்சு உரிந்திருந்தால் அந்த ஸ்டிக்கை வாங்காதீர்கள். போர்டின் ஸ்லாட்டையும் உலர்ந்த மெல்லிய தூரிகையால் சுத்தம் செய்துவிட்டுத்தான் புதியதைப் பொருத்த வேண்டும்.

பொருத்திச் சோதித்தல்

சோதனைக்கு முன் முக்கியமான கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுத்து வையுங்கள். பிழையுள்ள ரேம், வட்டில் எழுதப்படும் கோப்பையும் கெடுத்துவிடும். பிறகு பயாஸில் ஓவர்கிளாக் முழுவதையும் எடுத்துவிட்டு, கணினியை இயல்பு நிலைக்குக் கொண்டுவாருங்கள். மின் இணைப்பைக் கழற்றி, பழைய ரேமை எடுத்துவிட்டு, புதியதை மதர்போர்டு கையேடு சொல்லும் ஸ்லாட்டுகளில் பொருத்துங்கள். நான்கு ஸ்லாட் போர்டுகள் பலவற்றில் அவை பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்.

முதலில் எக்ஸ்எம்பி இல்லாமல், ரேம் தானாகத் தேர்ந்தெடுக்கும் வேகத்தில் கணினியை எழுப்பி, யுஎஸ்பி டிரைவிலிருந்து மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளை இரவு முழுவதும் ஓட விடுங்கள். இந்த நிலையில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ஸ்டிக் கோளாறானது, திருப்பிக் கொடுங்கள். இதில் தேறிய பின் எக்ஸ்எம்பியை இயக்குங்கள். அதை இயக்கியதும் பேஸ் கிளாக்கையும் சேர்த்து மாற்றிவிடும் பழைய போர்டுகள் உண்டு என்பதால், வோல்டேஜையும் பேஸ் கிளாக்கையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டுச் சேமியுங்கள். மறுபடி மெம்டெஸ்ட். அதிலும் தேறினால்தான் பிராசஸரின் ஓவர்கிளாக்கைப் படத்தில் உள்ளபடி திரும்ப வைத்து, விண்டோஸில் பிராசஸருக்கும் ரேமுக்கும் கடும் வேலை கொடுக்கும் பிரைம்95 மென்பொருளின் பிளெண்ட் சோதனையைச் சில மணி நேரம் ஓட்ட வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால், பிழை ரேமுடையதா பிராசஸருடையதா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

எக்ஸ்எம்பியில் மட்டும் பிழை வந்தால் உடனே வோல்டேஜை ஏற்றாதீர்கள். ரேமுக்குக் கட்டளை அனுப்பும் இடைவெளியான கமாண்ட் ரேட் 1டி என்றிருந்தால் 2டி ஆக்குங்கள். சாண்டி பிரிட்ஜில் மெமரி கன்ட்ரோலரோடு தொடர்புடைய விசிசிஐஓ எனப்படும் வோல்டேஜின் இயல்பு 1.05, அதை 1.10 வரை ஏற்றிப் பார்க்கலாம். அதற்கும் மசியவில்லை என்றால் வேகத்தில் ஒரு படி இறங்கி, டைமிங்கை இறுக்குங்கள்: 1866 சிஎல்10-இல் நிற்காத ரேம் 1600 சிஎல்9-இல் பெரும்பாலும் நிற்கும், தாமதத்திலும் நீங்கள் இழப்பது அரை நானோ நொடிதான்.

பாஸ்மார்க் வெளியிடும் மெம்டெஸ்ட்86 என்ற, பெயர் ஒத்த வேறொரு மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு குறிப்பு. அதன் 13-வது சோதனை, ஒரு நினைவக வரிசையைத் திரும்பத் திரும்பத் தொடும்போது பக்கத்து வரிசையின் தரவு மாறிவிடும் ரோஹேமர் என்ற குறையைத் தேடுகிறது. 2014-இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழக, இன்டெல் ஆய்வாளர்கள் சோதித்த 129 டிடிஆர்3 ஸ்டிக்குகளில் 110-இல் இந்தக் குறை காணப்பட்டது. ஆகவே மற்ற சோதனைகளில் எல்லாம் தேறி, அந்த ஒன்றில் மட்டும் பிழை காட்டும் ரேமை அன்றாடப் பயன்பாட்டுக்கு ஆகாதது என்று தள்ளிவிட வேண்டியதில்லை.

கணினி எழுந்திருக்கவே இல்லை என்றால், ஒரு ஸ்டிக்கை மட்டும் விட்டுச் சிமாஸை அழித்து முயலுங்கள். அசுஸ் போர்டுகள் சிலவற்றில் உள்ள மெம்ஓகே பொத்தானும் இதற்காகவே வைக்கப்பட்டது. பயாஸைப் புதிய பதிப்புக்கு மாற்றினால் 8 ஜிபி ஸ்டிக்குகளை ஏற்கத் தொடங்கும் போர்டுகளும் உண்டு. ஆனால் அந்த வேலையை யுபிஎஸ் இல்லாமல், அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் வந்து வந்து போகும் நாளில் செய்யக் கூடாது.

டிசம்பரில் தேறிய அமைப்பு அக்னி நட்சத்திரத்தில் தோற்கக்கூடும். டிடிஆர்3 சிப்புகள் 85 டிகிரி செல்சியஸ் வரைதான் இயல்பான புதுப்பிப்பு இடைவெளியில் தரவைக் காக்கும்படி வகுக்கப்பட்டவை. ரேமைச் சுற்றிக் காற்றோட்டமில்லாத கேபினெட்டில், கிராஃபிக்ஸ் கார்டின் சூடும் சேரும்போது, குளிர்காலத்தில் மயிரிழையில் நின்ற டைமிங் நழுவிவிடும். மே மாத நண்பகலில், ஏசி இல்லாத அறையில், பிளெண்ட் சோதனையை ஒருமுறை மீண்டும் ஓட்டிப் பாருங்கள்.

போர்டைத் திறந்திருக்கும்போதே சிமாஸின் சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். பத்தாண்டு கடந்த பேட்டரி தளர்ந்திருந்தால், ஒவ்வொரு நீண்ட மின்தடைக்குப் பிறகும் பயாஸ் இயல்பு நிலைக்குத் திரும்பி, நீங்கள் தேடி வாங்கிய 1866 ரேம் சத்தமில்லாமல் 1333-இல் ஓடிக்கொண்டிருக்கும். தேதியும் நேரமும் தவறாகக் காட்டுவது ஒன்றுதான் அதற்கு அடையாளம்.